விபத்து நடந்த இடத்தில் எதை முதலில் செய்வது: வேலூர் பக்கத்துச் சாலைகளுக்கான முழு வழிகாட்டி

வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவர்கள், பஞ்சர் கடைப் பையன்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள், இவர்களுக்குத்தான் நான் அதிகமாக முதலுதவி சொல்லிக் கொடுக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு முன்னால் போய் நிற்பவர்கள் இவர்கள். மனசு யாருக்கும் குறைவில்லை, வரிசைதான் தவறிப் போகிறது. சத்தம் கேட்டதும் ஓடுகிறார்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கிடைத்த ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைத்து அனுப்புகிறார்கள். 108-க்கு யாராவது சொன்னார்களா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். தூக்குவது இதில் ஒன்பதாவது படியில்தான் வருகிறது. ஏன் அவ்வளவு தள்ளி என்பது படிக்கும்போதே தெரியும்.

1. கைவசம் இருக்க வேண்டியவை

பெரிய முதலுதவிப் பெட்டி தேவையில்லை. நான் எல்லோரையும் வாங்கி வைக்கச் சொல்வது: துவைத்த பருத்தித் துண்டு இரண்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கையுறை இரண்டு மூன்று ஜோடி, நல்ல கத்தரிக்கோல், டார்ச், ஒரு மார்க்கர் பேனா, பளிச்சென்று தெரியும் ரிஃப்ளெக்டர் சட்டை. பைக்கில் சீட்டுக்கு அடியில் இடம் இல்லையென்றால் கடையில் கைக்கெட்டும் ஆணியில் ஒரு மஞ்சப் பையில் தொங்கவிடுங்கள். கல்லாவுக்குள் பூட்டி வைத்தால், தேவைப்படும் நேரத்தில் சாவியைத் தேட வேண்டியிருக்கும்.

பருத்தித் துண்டு என்று சொல்வதற்குக் காரணம், அது ரத்தத்தை உறிஞ்சி இறுகி நிற்கும். பாலியஸ்டர் துணி வழுக்கும். பஞ்சு வேண்டாம், காயத்துக்குள் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கடை எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை இன்றே போய்ப் பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள். நான்காவது படியில் அது கட்டாயம் தேவைப்படும்.

2. உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவது

நீங்கள் பைக்கிலோ காரிலோ வருகிறீர்கள், முன்னால் விபத்து. விபத்தைத் தாண்டிப் போய் இடது ஓரத்தில், தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரிய விடுங்கள். விபத்துக்குப் பின்னால் நிறுத்தினால் அடுத்து வரும் லாரி முதலில் உங்கள் வண்டியில்தான் மோதும், அது போய் அடிபட்டவர் மேல் விழும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமானால் அதில் இறங்கிவிடுவது இன்னும் நல்லது.

எதிர்ப்புறம் நடந்திருந்தால், டிவைடர் இடைவெளியில் வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வண்டியை உங்கள் பக்கத்திலேயே நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து நடந்து கடங்கள்.

3. இரண்டாவது விபத்தைத் தடுப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். அடிபட்டவர் கண்முன்னே துடிக்கும்போது, அவரை விட்டுவிட்டு எதிர்த்திசையில் நூறு மீட்டர் நடந்து போவது மனசுக்கு ஒப்பாது. ஆனாலும் ஒருவர் போயே ஆக வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு பஸ் நீளத்துக்கு மேல் போய்விடும். சரக்கேற்றிய லாரி அதற்குப் பிறகுதான் வேகம் குறையவே தொடங்கும்.

நெடுஞ்சாலையில் குறைந்தது 100 மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். மேம்பாலத்தின் இறக்கத்திலோ வளைவிலோ விபத்து என்றால், ஏற்றத்துக்கும் வளைவுக்கும் அந்தப் பக்கமே போக வேண்டும். இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினால் யாருக்கும் தெரியாது. ஊருக்குள், காட்பாடி ரோடு மாதிரி இடங்களில் 30, 40 மீட்டர் போதும்.

போகும்போது தார் ரோட்டில் நடக்காதீர்கள். மண் ஓரத்தில், வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். நிற்பதும் ஓரத்தில்தான். நடுரோட்டில் நின்று லாரியைக் கைகாட்டி நிறுத்த வேண்டாம். இரவானால் டார்ச்சை ரோட்டைப் பார்த்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஓட்டுநரின் கண்ணில் அடித்தால் அவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

முக்கோண ரிஃப்ளெக்டர் இல்லையா? ஓரத்து வேம்பையோ புங்கையோ ஒடித்து, இலைக் கொப்பைப் போடுங்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த அடையாளம் தெரியும். கல்லை வைக்காதீர்கள். இரவில் பைக்கில் வருபவருக்குக் கல் தெரியாது, வேலை முடிந்த பிறகு அதை எடுக்கவும் யாருக்கும் நினைவிருக்காது. பல விபத்துகளுக்கு அப்படி விட்டுப்போன கல்லே காரணம்.

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரில் நடந்த விபத்தானால் இந்தப் படிக்கு இரண்டு ஆள் போடுங்கள். பின்னால் விளக்கு இல்லாத டிரெய்லர் இருட்டில் நிற்பது, மேலே போய் மோதும் வரை தெரியாது.

4. 108-க்கு என்ன சொல்வது

ஒருவர் பின்னால் போகும் நேரத்திலேயே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே அடுத்த வேலையைப் பாருங்கள்.

உங்கள் அழைப்பை எடுப்பவர் சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். “விரிஞ்சிபுரம் தாண்டி, நம்ம பாய் கடைக்குப் பக்கத்துல” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. இந்த வரிசையில் சொல்லிப் பழகுங்கள்:

“சார், ரோடு ஆக்சிடென்ட். வேலூர் மாவட்டம், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, பொய்கைக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவுல. பெங்களூர் போற பக்கம். கிலோமீட்டர் கல் நம்பர் இது. பைக்கும் காரும் மோதியிருக்கு. ரெண்டு பேருக்கு அடி, ஒருத்தருக்கு நினைவில்லை.”

எந்தத் திசையில் போகும் ரோடு என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நான்கு வழிச் சாலையில் ஆம்புலன்ஸ் தவறான பக்கம் வந்துவிட்டால், டிவைடருக்கு அந்தப் புறம் விபத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டும். “சென்னை பக்கம்”, “பெங்களூர் பக்கம்” என்ற ஒரு சொல்லில் அந்த நேரம் மிச்சமாகும்.

மாவட்டத்தையும் சரியாகச் சொல்லுங்கள். 2019-இல் பிரித்த பிறகு மாதனூர், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகின்றன. ரத்தினகிரி, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டத்தில். நம்மில் பலர் இன்னும் எல்லாவற்றையும் வேலூர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில், கிறிஸ்டியான்பேட்டை பக்கம் போன் ஆந்திரா டவரைப் பிடித்திருக்கலாம். அங்கிருந்து அழைத்தால் முதல் வார்த்தையாகத் தமிழ்நாடு என்று சொல்லிவிடுங்கள்.

அவர்கள் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள். வைத்த பிறகு அந்த போனில் வேறு யாருக்கும் பேச வேண்டாம். ஆம்புலன்ஸ் ஓட்டிவரும் பைலட் வழி கேட்டு அதே நம்பருக்குத்தான் கூப்பிடுவார்.

108 கிடைக்கவில்லை என்றால் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லலாம், ரோந்து வண்டியும் கிரேனும் அவர்களிடம் உண்டு. மின்கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

5. கிட்டப் போகும் முன் ஒரு பார்வை

அறுந்த மின்கம்பி, பெட்ரோல் வாடை, கசியும் டேங்கர் இந்த மூன்றையும் நின்று பாருங்கள். கம்பி வண்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பவர்களை இறங்க வேண்டாம் என்று தூரத்திலிருந்தே கத்திச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள். பீடி, சிகரெட்டோடு நிற்பவர்களைத் துரத்துங்கள்.

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகளும் ரசாயன ஆலைகளும் இருப்பதால் இந்த ரோட்டில் ரசாயன டேங்கர்கள் நிறைய ஓடுகின்றன. டேங்கர் கவிழ்ந்து கண் எரிந்தால், காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிப் போய், டேங்கரில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சுப் பலகையின் எண்களைப் படித்துத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அதற்குள் இருப்பது என்ன என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. நீங்கள் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸுக்கு இன்னொரு நோயாளி.

6. கூட்டத்துக்கு வேலை கொடுப்பது

“யாராவது போன் பண்ணுங்கப்பா” என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் பண்ணியிருப்பார் என்று நிற்பார்கள். ஆளைப் பார்த்து, சட்டை நிறத்தைச் சொல்லிக் கேளுங்கள். “நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் பேசுங்க, பேசிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க.” “தம்பி, நீ டார்ச்ச எடுத்துட்டு அந்த ஏத்தத்துக்கு அந்தப் பக்கம் போ.” “அக்கா, இந்தம்மா பக்கத்துல கொஞ்சம் உக்காருங்க.” விரலால் சுட்டிச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

சித்திரை, வைகாசி மதியத்தில் வேலூர்த் தார் ரோடு தோலைப் பொசுக்கிவிடும். அடிபட்டவரை அசைக்க முடியாதபோது நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்ஷீட்டையோ லுங்கியையோ விரித்துப் பிடித்து நிழல் கொடுக்கலாம். தாரில் படும் கை, காலுக்கு அடியில் மடித்த துணியை மெதுவாகத் தள்ளிவிடலாம். சும்மா நின்று செல்போனில் படம் பிடிப்பவர்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

7. யாரை முதலில் பார்ப்பது

அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ கவிழ்ந்து பலருக்கு அடி என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கூட்டம் சத்தம் வரும் பக்கமே போகும். நடக்க முடிந்தவர்களை எல்லாம் ஒரு மரத்தடியைக் காட்டி அங்கே போய் உட்காரச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பவர்களே உங்களுக்கு அவசரமானவர்கள்.

பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் பேசுங்கள். அவர் தலையைத் திருப்பிப் பார்க்காதபடி முகத்துக்கு நேரே வாருங்கள். “அசையாதீங்க, நாங்க இருக்கோம், ஆம்புலன்ஸ் வருது.” வேலூருக்கு வைத்தியத்துக்காக வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் ஆட்டோக்களில் அதிகம். தெலுங்கில் “கதலொத்து”, இந்தியில் “ஹிலியே மத்”, வங்காளியில் “நொர்பேன் நா” என்றால் அசையாதீர்கள் என்று அர்த்தம். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. ரத்தமும் மூச்சும்

பீறிட்டோ குளமாகவோ போகும் ரத்தம் சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். அதனால் அதைப் பார்த்த உடனே கை அங்கே போக வேண்டும். கையுறை இல்லையென்றால் பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

துண்டைக் கெட்டியாக மடித்து, ரத்தம் வரும் இடத்தின் மேலேயே வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். முழங்கையை மடக்காமல் நேராக வைத்தால் நெடுநேரம் அழுத்த முடியும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. அரை நிமிடம் அழுத்துவார்கள், ‘நின்னுடுச்சா’ என்று துண்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து ஓடும். பயிற்சியில் நான் ஒரு ஆளின் தொடையில் துண்டை வைத்து ஆம்புலன்ஸ் வரும் வரை கையை எடுக்காதே என்று சொல்லிவிட்டு வேறு பேச்சில் இறங்குவேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகத் தளர்ந்து, விரல் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை விட்டால் பாதி வேலை முடிந்தது. துண்டு நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் இரண்டாவது துண்டை மேலேயே வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது உறுப்பே துண்டாகிவிட்டது என்றால் மட்டும் கட்டுப் போடலாம். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் படாமல், நான்கு விரல் அகலத்துக்கு மடித்த துணியைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சில் ஸ்க்ரூடிரைவரையோ ஸ்பேனரையோ செருகி, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, அது அவிழாதபடி கட்டுங்கள். வலியில் கத்துவார், ஆனாலும் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை மார்க்கரில் அவர் நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். கயிறு, கம்பி, மெல்லிய நாடா எதுவும் வேண்டாம், அவை சதையை அறுக்கும்.

குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அது அடைப்பாக நின்று ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். சுற்றி மட்டும் துணியை அணைத்து, அது ஆடாமல் வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது. சேலை முந்தானையோ துப்பட்டாவோ பைக் சக்கரத்தில் சிக்கியிருந்தால் சக்கரத்தைச் சுற்றி எடுக்கப் பார்க்காமல் துணியைக் கத்தரித்துவிடுங்கள், கழுத்து இன்னும் இறுகும்.

இனி மூச்சு. கூப்பிட்டும் தோளைத் தட்டியும் பதில் இல்லையென்றால், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடி பாருங்கள். மூச்சு இருக்கிறது ஆனால் வாயில் ரத்தமோ வாந்தியோ நிரம்பி ‘களகள’ என்று கேட்கிறது என்றால், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி மூன்று பேர் சேர்ந்து ஒரே உருளலாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். தனி ஆளாக இருந்தாலும் ஒரு கையால் தலையைத் தாங்கித் திருப்பித்தான் ஆக வேண்டும். கழுத்தெலும்புக்கு ஆபத்து உண்டு என்றாலும், மூச்சடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை.

மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டராவது அழுந்தும்படி அமுக்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஆனால் பலருக்கு அடிபட்டு நீங்கள் ஒருவரே இருந்தால், முதலில் ரத்தம் போகிறவர்களைப் பாருங்கள்.

ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். முன் கண்ணாடியை உயர்த்தி மூச்சு வருகிறதா பாருங்கள், நாடாவைக் கத்தரித்து விடுங்கள். மூச்சு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மெதுவாக உருவ வேண்டும்.

9. தூக்குவது

எதற்காக இவ்வளவு தாமதம் என்றால், கழுத்திலோ முதுகிலோ முறிந்திருக்கும் எலும்பு, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் கூர்மையாக நிற்கும். கை காலை அசைத்துக்கொண்டிருந்த ஆள், அக்குளில் கை கொடுத்துத் தூக்கிய பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போவது அப்படித்தான்.

மூன்று காரணங்களுக்காக மட்டும் நகர்த்தலாம்: தீ, மறுபடி வண்டி மோதும் ஆபத்து, கிடக்கும் நிலையில் மூச்சு விட முடியாமை. அப்போதும் தூக்காமல் இழுங்கள். தோள் பக்கத்துச் சட்டையைப் பிடித்து, தலையை உங்கள் முன்கைகளுக்கு நடுவில் தாங்கி, உடம்பு போகும் நேர்க்கோட்டிலேயே இழுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று 108-இல் கேளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் காத்திருப்பதே நல்லது. ஜவ்வாது மலை அடிவாரம், ஒடுகத்தூர் பக்கத்துக் கிராம ரோடு மாதிரி இடங்களில் அதற்கு மேல் ஆகும் என்று சொல்லி, ரத்தமும் நிற்கவில்லை, நினைவும் தப்புகிறது என்றால் போவதுதான் சரி. ஆட்டோ வேண்டாம், உட்கார்ந்தோ மடங்கியோதான் போக முடியும். குட்டி யானை வண்டியைப் பிடியுங்கள். டீக்கடை பெஞ்சின் பலகையே நல்ல ஸ்ட்ரெச்சர். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும். நான்கைந்து பேர் தூக்க, தலையைப் பிடித்திருப்பவர் சொன்ன பிறகே எல்லோரும் ஒன்றாக அசைய வேண்டும். பின்னால் இருவர் கூடவே உட்காருங்கள், துண்டை அழுத்துவதற்கும் தலையை ஆடாமல் பிடிப்பதற்கும்.

எந்த ஆஸ்பத்திரி என்று 108-இடமே கேளுங்கள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிஎம்சி என்று முடிவானால், பெரிய விபத்துச் சிகிச்சை மையம் 2022 முதல் நெடுஞ்சாலையோரத்து ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. பழைய நினைவில் ஊருக்குள் நெரிசலில் நுழைந்து நேரத்தை விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

10. கொடுக்கக் கூடாதவை

தண்ணீர், சோடா, டீ எதுவும் வேண்டாம். “தாகமா இருக்குபா” என்று கெஞ்சுவார், பார்க்கப் பாவமாக இருக்கும். நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஆளின் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுக்கும்போது மேலே வரும். உதட்டை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அது போதும்.

காயத்தில் மஞ்சள், காபித்தூள், மண் போடாதீர்கள். சைலன்சரில் சுட்ட இடத்துக்குப் பேஸ்ட் வேண்டாம், ஓடும் தண்ணீர் 20 நிமிடம். காதிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், வழிய விடுங்கள். அப்புறம், உடம்பு நடுங்கினால் வெயில் காலமானாலும் போர்த்துங்கள். ரத்தம் போன உடம்பு சூட்டையும் இழக்கும்.

11. வீட்டுக்குச் சொல்வது, பொருள்களைக் காப்பது

அவர் போன் அடித்தால் எடுத்துப் பேசுங்கள். “சீக்கிரம் வாங்க” என்று சொல்லாதீர்கள், மகன் பைக்கை முறுக்கிக்கொண்டு அதே ரோட்டில் வருவான். “அப்பாவுக்கு அடிபட்டிருக்கு, ஆம்புலன்ஸ்ல அடுக்கம்பாறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பக்கத்துல பெரியவங்க யார் இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க” என்று நிதானமாகச் சொல்லுங்கள். உயிர் போய்விட்டது என்று நமக்குத் தோன்றினாலும் அதைப் போனில் சொல்லக் கூடாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது.

தாலி, செயின், பர்ஸ், போன் எல்லாவற்றையும் இரண்டு பேர் பார்க்க ஒரே பையில் போட்டு ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ போலீஸிடமோ கொடுங்கள். தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினால் நல்ல எண்ணத்தோடு செய்ததும் சந்தேகமாகிவிடும். வண்டிகளை வழிக்காகத் தள்ள வேண்டியிருந்தால் தள்ளும் முன் நம்பர் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள், போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் தேவைப்படும். முகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் அதில்தான் முதலில் பார்ப்பார்கள்.

12. ஆம்புலன்ஸ் வந்ததும்

ஊழியரிடம் நாலு விஷயம் மட்டும்: எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி மோதியது, நடுவில் நினைவு வந்து போனதா, கட்டுப் போட்ட நேரம். சொல்லிவிட்டு அவர்கள் எடுத்துக்கொள்ளும் வரை கையைத் துண்டிலிருந்து எடுக்காதீர்கள்.

13. கேஸ் பயம்

“நமக்கு எதுக்குபா வம்பு” என்று ஒதுங்குபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுத்தது உண்மை. இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உதவி செய்பவர்களுக்கான பாதுகாப்பு வழிமுறைகளை 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது, 2020-இல் விதிகளும் வந்தன.

அதன்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. பெயர், முகவரி கொடுப்பது உங்கள் விருப்பம். போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது. கொண்டுபோய்ச் சேர்த்ததும் கிளம்பலாம், யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லவும் கூடாது. நீங்களே சாட்சி சொல்ல முன்வந்தால் உங்கள் வசதியான இடத்திலும் நேரத்திலும் விசாரிக்க வேண்டும். வாசலில் யாராவது “நீங்க யார், கூட வந்தவரா, கையெழுத்துப் போடுங்க” என்றால், “ரோட்டுல பார்த்துக் கூட்டிட்டு வந்தேன், 134ஏ படி கிளம்பலாம் இல்லையா” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிரிவு எண்ணைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடிபட்டவரிடம் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். அவசரச் சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது, வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும். சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும்.

14. வீட்டுக்குப் போன பிறகு

கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தாலோ, கண்ணில், வாயில் தெறித்திருந்தாலோ அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் பட்ட உடுப்பைத் தனியாக ஊற வைத்துத் துவையுங்கள்.

இரண்டு மூன்று நாள் தூக்கம் வராமல் போகலாம், அந்தக் காட்சி சாப்பிடும்போது கண்ணில் வரலாம். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், முடிந்தால் அன்று உங்களோடு கூட நின்றவரிடம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104-இலும் ஆலோசனை கிடைக்கும்.